கருப்புசாமிக்கு மதிப்பெண் வந்த கதை

நாலு கறவை மாடும், அண்ணன் தம்பிகளோடு பாகம் பிரியாத தோப்பில் ஒன்றரை ஏக்கரும் வைத்திருக்கிற கருப்புசாமி என்கிற மனிதர் இந்த உலகத்தில் இல்லை என்று பேங்க் மேனேஜர் ஜோஸ் சொன்னார். அப்போது கருப்புசாமி அண்ணன் அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்து, அவர் வரவழைத்துக் கொடுத்த கட்டன் சாயாவைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"சேட்டனுக்கு ஸ்கோர் இல்லா" என்று ஜோஸ் கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். "மைனஸ் ஒண்ணு. அதாயது, பூஜ்யத்துக்கும் கீழே. சேட்டன் இதுவரை ஒரு கடனும் வாங்கினதா ரெக்கார்டு இல்லா. ரெக்கார்டு இல்லாத்த ஆளு சிஸ்டத்தில இல்லா."

"நா இங்கதான உக்காந்துட்டு இருக்கறனுங்க" என்றார் அண்ணன்.

"அது எனிக்குத் தெரியும். சிஸ்டத்துக்கு அறியாது."

ஜோஸ் கட்டப்பனைக்காரர். தமிழ் எஸ்டேட்டுகளுக்கு நடுவே வளர்ந்ததால் எங்கள் பாஷை அவருக்குப் பாதி வரும். மீதியை மலையாளத்தால் நிரப்பிக்கொள்வார். நல்ல மனிதர். இந்தக் கதையில் கெட்டவர் என்று யாருமே இல்லை. எனக்கு வருகிற கோபத்தை யார்மீது இறக்குவது என்று தெரியாமல்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

என் பெயர் ரத்தினசாமி. மலையாள எல்லைக்குள் இருக்கிற எருத்தேம்பதிப் பக்கம் ஒரு பால் சங்கத்தின் செயலாளர். பேங்க் ஃபாரங்கள் மலையாளத்திலும் இங்கிலீஷிலும் இருப்பதால், எங்கள் ஊரில் யார் பேங்குக்குப் போனாலும் துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அப்படித்தான் கிரெடிட் கார்டு கேட்கக் கிளம்பின அண்ணனோடும் போனேன். ஒரு நாள் வேலை என்று நினைத்துப் போனது, இருபத்திரண்டு மாதம் இழுத்தது.

அண்ணனுக்கு எதற்குக் கிரெடிட் கார்டு என்று சொல்லிவிடுகிறேன். அவர் மனைவி ராமாத்தாள் அக்காவுக்குக் காது கேட்பது குறைந்துகொண்டே வந்தது. கோயமுத்தூரில் காது பரிசோதிக்கிற கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். அங்கே யோகப்பிரியா என்று பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண். அக்காவைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, தலையில் ஹெட்போன் மாட்டிவிட்டு, வெளியே மைக்குக்கு முன்னால் வாயை ஒரு அட்டையால் மறைத்துக்கொண்டு இருபத்தைந்து வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். கேட்டதை அக்கா திருப்பிச் சொல்ல வேண்டும். ஒன்றுக்கு நாலு மார்க். அக்கா பதினேழு சரியாகச் சொன்னார். அறுபத்தெட்டு.

"பரவால்லீங்க, இன்னும் கையில இருக்குது" என்றாள் யோகப்பிரியா. "ஆனா இது வேகமா எறங்கற வகைங்க. காதுல வுழுகாத வார்த்தைய மூளை மறந்துட்டே வரும். இப்பவே ரெண்டு காதுக்கும் மெஷின் போட்டுட்டா இருக்கறதக் காப்பாத்திப்போடலாம். நாள் தள்ளிப்போச்சுன்னா சத்தம் கேக்கும், வார்த்தை வெளங்காதுங்க."

மெஷின் ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம். ரொக்கம் என்றால் முழுசாகக் கட்ட வேண்டும். கிரெடிட் கார்டு இருந்தால் மாதம் பதினாலாயிரம் வீதம் பன்னிரண்டு தவணை, வட்டி கிடையாது. அண்ணனுக்குத் தீவனச் செலவு போகப் பால் காசில் மாதம் பதினெட்டாயிரம் நிற்கும். கணக்குப் பார்த்துவிட்டு, "கட்டிப்போடலாம் ரத்தினம்" என்றார். வெள்ளை ஈ விழுந்து தென்னை காய்ப்பு பாதியாகிப்போன வருஷம் அது. கையில் முப்பதாயிரம்தான் இருந்தது. மாட்டில் இரண்டை விற்றுவிடலாம் என்று நான் சொன்னபோது அக்கா சண்டைக்கு வந்தார். அன்றைக்கு அவருக்கு அது நன்றாகவே கேட்டிருந்தது.

"மாட்ட வித்துப்போட்டு அந்த மெஷினுல எதக் கேக்கறது? காலிக் கட்டுத்தறியவா?"

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் இருப்பது இரண்டு குரல்கள். அண்ணன் வெளியே ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுகிற ஆள்; சங்கத்தில் பால் ஊற்றிவிட்டு, கொழுப்பு எவ்வளவு என்றுகூடக் கேட்காமல் போவார். வீட்டுக்குள் போனால் ஆளே வேறு. யார் மாடு நோஞ்சானாகக் கிடக்கிறது, செக்போஸ்ட்டில் எந்த லாரியைப் பிடித்தார்கள், ரத்தினம் இன்றைக்கு யாரிடம் சிடுசிடுத்தான், எல்லாவற்றையும் அக்காவிடம் ஒப்பிப்பார். அக்கா மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டே "அப்பறம்?" என்பார். நாற்பது வருஷமாக அந்த "அப்பறம்" தான் அவர்களுடைய குடித்தனம். அது போய்விடக் கூடாது என்றுதான் அண்ணன் பேங்குக்கு வந்தார். அவர் பேங்கில் கேட்டது அவ்வளவுதான்.

ஆனால் சிஸ்டத்தில் அவர் இல்லை.

"வழி உண்டு சேட்டா" என்றார் ஜோஸ். "முதல்ல ஒரு சின்ன கடன் எடுக்கணும். ஆவசியம் இல்லாத்த கடன்."

"வேண்டாத கடன எதுக்குங்க வாங்கோணும்?"

"வேணும்னு வாங்கறவனை பேங்க் சந்தேகிக்கும். வேண்டாம வாங்கறவனை பேங்க் பஹுமானிக்கும். பதினாயிரம் எடுங்க. பன்னிரண்டு மாசம், கொஞ்சம் கொஞ்சமா அடைங்க. அப்பதான் சேட்டனோட சுபாவம் எங்களுக்குத் தெரியும்."

அறுபத்தொரு வயதுவரை ஒருத்தர் வாசலிலும் கைநீட்டி நின்றதில்லை என்பதுதான் அண்ணனுடைய சுபாவம். அது ஊருக்கே தெரியும். அந்தச் சுபாவத்துக்குத்தான் மைனஸ் ஒன்று போட்டிருந்தார்கள். இருந்தாலும் அக்காவுக்காகக் கையெழுத்துப் போட்டு, பத்தாயிரத்தை வேட்டி மடிப்பில் வைத்து எடுத்துப்போனார்.

மறுநாள் காலை பேங்க் ஷட்டரைத் தூக்கும்போது அண்ணன் வாசலில் நின்றார். அதே பத்தாயிரம், அதே ரப்பர் பேண்டு. கடனை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு சோறு இறங்கவில்லை என்று முழுசையும் திருப்பிக் கட்டிவிட்டார். ஒரே நாளில் கடனை அடைத்ததைப் பார்த்து மேனேஜர் தோளில் தட்டுவார் என்று எங்கள் இருவருக்குமே ஒரு நினைப்பு.

ஜோஸ் தலையில் கைவைத்துக்கொண்டார். "எந்தா சேட்டா இது! பன்னிரண்டு மாசம் நம்பி நாங்கள் கொடுத்தது. ஒரு ராத்திரியில திருப்பித் தந்தா எங்களுக்கு என்ன மரியாத?"

முன்கூட்டியே கடனை அடைத்த குற்றத்துக்கு நானூறு ரூபாய் அபராதமும் அதற்குமேல் ஜிஎஸ்டியும் பிடித்தார்கள். பாம்பேயில் மதிப்பெண் போடுகிற கம்பெனிக்கு இந்தத் தகவல் போனது. ஒரு நாள் ஆயுள் உள்ள கடனை அவர்கள் கடனாகவே எடுத்துக்கொள்ளவில்லை. யாரோ தவறுதலாக டைப் அடித்தது என்று தள்ளிவிட்டார்கள். அண்ணன் மறுபடியும் இல்லாமல் போனார்.

அடுத்த வழியை ஜோஸே கண்டுபிடித்துச் சொன்னார். அண்ணன் தன் முப்பதாயிரத்தைப் பேங்கில் டெபாசிட் போட வேண்டும். அதை ஈடாகப் பிடித்துக்கொண்டு பேங்க் அவருக்கு இருபத்துநாலாயிரத்துக்கு ஒரு கார்டு கொடுக்கும். டெபாசிட்டுக்கு பேங்க் தருகிற வட்டி வருஷத்துக்கு ஆறரை. கார்டில் பாக்கி வைத்தால் பேங்க் வாங்குகிற வட்டி வருஷத்துக்கு நாற்பத்திரண்டு. நான் பாலில் தண்ணீர் கண்டுபிடிக்கிற தொழிலில் இருக்கிறவன். மூன்று தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.

"அப்ப, எம்பட பணத்தையே எனக்குக் கடனாத் தர்றீங்க" என்றார் அண்ணன்.

"கரெக்ட்! சேட்டன் சீக்கிரம் படிக்கிறது."

கார்டு வந்ததும் ஜோஸ் பாடம் எடுத்தார். கார்டைத் தேய்க்காமல் இருக்கக் கூடாது, தேய்த்தால்தான் மார்க். அதிகம் தேய்க்கவும் கூடாது, மார்க் குறையும். கொஞ்சம் கடன்காரராக இருக்க வேண்டும், முழுக் கடன்காரராகத் தெரியக் கூடாது. பில் வருகிறவரை காத்திருந்து, வந்தபிறகு கட்ட வேண்டும். அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மாதா மாதம் கொழிஞ்சாம்பாறை தீவனக் கடையில் புண்ணாக்குக்குக் கார்டைத் தேய்ப்பார். கடைக்காரர் கார்டைத் திருப்பித் தரும்வரை அதைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே நிற்பார். பில் வந்தால் பேங்கில் நேராகப் போய் ரொக்கமாகக் கட்டி, ரசீதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். எழுநூற்று ஐம்பது மார்க் வந்தால் பெரிய கார்டு, பெரிய கார்டு வந்தால் மெஷின்.

"ஆறே மாசம்" என்றார் ஜோஸ்.

ஆறு மாதத்தில் எழுநூற்று நாலு வந்தது. அண்ணன் சங்கத்துக்கு வந்து, பால் ஊற்ற வந்த எல்லோர் முன்னாலும் சிரித்தார். அதற்கு முந்தின வாரம் அக்காவைக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போயிருந்தோம். இருபத்தைந்தில் பதிமூன்று. ஐம்பத்திரண்டு.

நாற்பத்தாறு மார்க் தானே குறைகிறது, கேட்டுப் பார்த்துவிடலாம் என்று ஜோஸுக்கு ஒரு நல்லெண்ணம். ஒரே நாளில் மூன்று விதமான பெரிய கார்டுகளுக்கு அண்ணன் பெயரில் விண்ணப்பம் போட்டார். ஏதாவது ஒன்று விழும் என்று நினைத்தார். மூன்றுக்கும் தனித்தனியாக பாம்பேயில் அண்ணனுடைய மார்க்கைத் திறந்து பார்த்தார்கள். பார்த்ததாலேயே மார்க் குறைந்துவிட்டது. அறுநூற்று எழுபத்தொன்று.

"அவங்க பாத்ததுக்கு எனக்கு எதுக்குங்க கொறைக்கறாங்க?"

"மூணு எடத்துல கேட்டா, ஆளு கடன் பசியில அலையறான்னு சிஸ்டம் நினைக்கும்."

"கேக்காம இருந்தா ஆளே இல்லைங்கறீங்க. கேட்டா பசிங்கறீங்க. அப்பறம் எப்புடிங்க கேக்கறது?"

ஜோஸ் கொஞ்சம் யோசித்தார். "கேக்கணும். பக்ஷே கேக்கற மாதிரி தெரியக்கூடாது."

இனி மூன்று மாதம் வாயைத் திறக்காமல் இருந்தால் ஏறிவிடும் என்றார். இருந்தோம். அந்த மூன்று மாதத்தில்தான் வெள்ளிக்கிழமை வந்தது.

பில் கட்டக் கடைசித் தேதி ஒரு வெள்ளிக்கிழமை. ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய். அண்ணன் பணத்தை எண்ணி எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அக்கா வாசலில் வந்து நின்றுகொண்டார். எங்கள் பக்கத்தில் வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து யாருக்கும் காசு கொடுக்க மாட்டோம். மகாலட்சுமியை நாமே வெளியே அனுப்பினதாகிவிடும். தீவனக்காரன் வந்தாலும் சனிக்கிழமை வா என்போம். அவனும் வருவான், ஏனென்றால் அவன் வீட்டிலும் அதே வழக்கம். அக்கா இதில் ரொம்பக் கறார். அண்ணன் அக்காவின் காதருகே குனிந்து கத்தி, கடைசித் தேதி என்று சொல்லிப் பார்த்தார்.

"ஒரு நாள்ல ஆரு என்ன சொல்லப்போறாங்க? நாளைக்கு வெடியால மொத ஆளாப் போய்க் கட்டிப்போடுங்க" என்றார் அக்கா.

நியாயமாகத்தான் பட்டது. அண்ணனும் அப்படித்தான் வளர்ந்தவர். மறுநாள் போனார். இரண்டாம் சனிக்கிழமை, பேங்க் பூட்டியிருந்தது. அடுத்தது ஞாயிறு. திங்கள்கிழமை ஹர்த்தால், ஊரே கடையடைப்பு. ஹர்த்தால் என்று தெரிந்தும் சைக்கிளில் போய், மூடின ஷட்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். செவ்வாய் காலையில் முதல் ஆளாகக் கட்டினார். தாமதக் கட்டணம், அதற்கு ஜிஎஸ்டி, முழுத் தொகைக்கும் தேய்த்த நாளிலிருந்து வட்டி. அதைக்கூடப் பேசாமல் கட்டிவிட்டார். மார்க் அறுநூற்றுப் பத்தொன்பது.

"மூணு நாள்வரை சிஸ்டம் க்ஷமிக்கும். நாலு நாளாயிட்டு" என்றார் ஜோஸ்.

"வெள்ளிக்கெழம எப்புடிங்க குடுக்கறது?"

"சேட்டா, கம்ப்யூட்டருக்கு வெள்ளி, செவ்வா ஒண்ணும் இல்லா."

விளக்கம் கொடுத்தால் ஒருவேளை திருத்துவார்கள் என்று ஜோஸ் ஆன்லைனில் ஒரு ஃபாரத்தைத் திறந்தார். தாமதத்துக்குக் காரணம் என்ற கேள்விக்குக் கீழே ஐந்து பதில்கள்: மரணம், வேலை இழப்பு, மோசடி, நோய், இயற்கைப் பேரிடர். மகாலட்சுமிக்கு அங்கே இடமில்லை. நாங்கள் மூன்று பேரும் கலந்து பேசி, இருப்பதில் நெருக்கமானது இயற்கைப் பேரிடர்தான் என்று முடிவு செய்தோம்.

இரண்டு வாரம் கழித்து பாம்பேயிலிருந்து பதில் வந்தது. பேரிடர் நடந்ததற்கு வில்லேஜ் ஆபீசரிடம் சான்றிதழ் வாங்கி அனுப்பவும். வில்லேஜ் ஆபீசுக்குப் போனோம். ஆபீசர் நேர்மையானவர். வெள்ளம் வராமல் வெள்ளம் என்று எழுத மாட்டேன் என்றார். என்ன நடந்ததோ அதைத்தான் எழுதுவேன் என்று மலையாளத்தில் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். 'மேற்படி தேதி வெள்ளிக்கிழமை என்பதை இந்த ஆபீசின் பதிவுகளைச் சரிபார்த்து இதனால் சான்றளிக்கிறேன்.' அதை ஸ்கேன் செய்து அனுப்பினோம். ஏழு வாரம் கழித்து, ஆவணம் பரிசீலிக்கப்பட்டதாகவும், அது வெள்ளிக்கிழமைதான் என்பதைத் தாங்கள் ஏற்றுக்கொள்வதாகவும், மார்க்கில் மாற்றமில்லை என்றும் பதில் வந்தது.

அக்காவிடம் அண்ணன் இதைச் சொல்லவேயில்லை. சொல்ல வேண்டாம் என்று என்னிடமும் கேட்டுக்கொண்டார். ஆனால் அந்த மாதம் அக்காவின் மார்க் முப்பத்தாறு. அண்ணன் சொல்லியிருந்தாலும் அதில் பாதிதான் அவருக்குப் புரிந்திருக்கும்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் கிளையில் 'கடன் ஒழுக்க தினம்' கொண்டாடினார்கள். பந்தல் போட்டு, செண்டை மேளம் வைத்து, கிளையிலேயே அதிக மார்க் வாங்கினவருக்குப் பொன்னாடை. எண்ணூற்றுப் பன்னிரண்டு மார்க் வாங்கி முதலிடம் பிடித்தவர் எங்கள் ஊர் பூபதிராஜா. அவருக்குக் கார் கடன், வீட்டுக் கடன், டிராக்டர் கடன், ஐந்து கார்டு. சங்கத்தில் தீவனம் வாங்கின காசை மட்டும் இரண்டு வருஷமாகத் தரவில்லை. அதைக் கேட்டால், "அது சிஸ்டத்துல வராதுங்களே ரத்தினம்" என்பார்.

ஜோஸ் மைக்கைப் பிடித்தார். அன்றைக்குப் பேசினதை அப்படியே எழுதுகிறேன்.

"பிரியப்பட்டவர்களே, சிலர் எங்களைக் குற்றம் சொல்லுறது. பணம் இருக்கறவனுக்குப் பத்தரை சதமானம் வட்டி, இல்லாத்தவனுக்கு இருபத்துநாலு, இது நியாயமான்னு. ஞான் கேக்கறேன், பணம் தேவைப்படுறவனுக்குப் பணம் கொடுக்கறது எவ்வளவு பெரிய ரிஸ்க்! அவன் உடனே அதைச் செலவு செய்வான். பூபதிராஜா சாரைப் பாருங்க. அவருக்கு எங்க பணம் வேண்டவே வேண்டா. அதனால அவருக்கு நாங்கள் எவ்வளவும் கொடுக்கும், வட்டியும் குறைவா வாங்கும். கஷ்டப்படுறவனைக் கண்டா எங்களுக்கும் மனசு வேதனிக்கும். பக்ஷே அந்த வேதனைக்காக இந்த பேங்க் அவனுக்கு ஒரு ரூபா கொடுத்ததா இன்னிவரை ஒரு ரெக்கார்டும் இல்லா!"

பலமாகக் கை தட்டினார்கள். பூபதிராஜா நன்றி சொன்னார்.

"நா எந்தக் கடனையும் கையிலிருந்து கட்டுனதில்லீங்க. இந்தக் கார்டுல எடுத்து அந்தக் கார்டுக்கு, அதுல எடுத்து டிராக்டருக்கு. தேதி மட்டும் தப்ப மாட்டேன். ஒழுக்கம்னா அதுதானுங்க."

அண்ணன் என் பக்கத்தில், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். கூட்டம் முடிந்ததும் பூபதிராஜாவிடம் போய், தேதி தப்பாமல் கட்டுவதற்கு என்ன வழி என்று கேட்டார். அவர் தன் ஃபோனைக் காட்டி, தானாகவே எடுத்துக்கொள்கிற மாதிரி வைத்துவிடச் சொன்னார். மறுநாளே அண்ணன் பேங்கில் எழுதிக்கொடுத்தார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமையானாலும் மகாலட்சுமி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கணக்கிலிருந்து இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

அண்ணன் நல்ல கடன்காரராகிவிட்டார். புண்ணாக்குக்குத் தேய்த்தார், தவிட்டுக்குத் தேய்த்தார். மாடு மருந்துக்குக் கையில் காசிருந்தும் தேய்த்தார். மார்க் மாதம் பத்து, பதினைந்து என்று ஏறியது. ஒவ்வொரு மாதமும் ஜோஸ், "அடுத்த மாசம் உறப்பு, நிச்சயம்" என்பார். நாங்களும் அடுத்த மாதத்துக்கு நாள் எண்ணுவோம்.

என் ஆத்திரமெல்லாம் இங்கேதான். பேங்க் ஒரு நாளும் முடியாது என்று சொல்லவில்லை. முடியாது என்று முகத்திலடித்த மாதிரி சொல்லியிருந்தால் அன்றைக்கே அக்காவிடம் சண்டை போட்டு இரண்டு மாட்டை விற்றிருப்போம். சங்கத்தில் முன்பணம் எடுத்து, மீதிக்கு நான் நாலு பேரிடம் கேட்டு, எப்படியாவது மெஷினைப் போட்டிருப்போம். அண்ணன் கூச்சப்பட்டாலும் கட்டாயப்படுத்தியிருப்பேன். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று அவர்கள் சிரித்த முகத்தோடு சொல்லச் சொல்ல நானும் சும்மா இருந்துவிட்டேன். ஃபாரம் நிரப்பத் தெரிந்தவன் என்கிற பெருமையில் நானும்தான் அண்ணனை அந்த நாற்காலியில் கொண்டுபோய் உட்காரவைத்தேன்.

இதற்கு நடுவில் ஒரு சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் சாணி அள்ளிக்கொண்டே, செக்போஸ்ட்டில் ஆட்டு லாரியைப் பிடித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் ஒரு இடத்தில் நிறுத்தினார். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் அவர் முதுகையே பார்த்துவிட்டு, அண்ணன் மீதிக் கதையை என்னிடம் சொல்லி முடித்தார். எனக்கு அந்தக் கதை தெரியும்; காலையில் நான்தான் அவருக்குச் சொன்னேன். இருந்தாலும், "அப்பறம்ணா?" என்று கேட்டேன்.

இருபத்திரண்டாம் மாதம் எழுநூற்று அறுபத்தொன்று வந்தது.

ஜோஸ் நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் பூங்கொத்து, பொன்னாடை, இரண்டு லட்சத்துக்குக் கார்டு. "மைனஸ் ஒண்ணிலிருந்து எழுநூத்தி அறுபத்தொண்ணு! மண்டலத்திலேயே இப்படி ஒரு முன்னேற்றம் இல்லா. சேட்டனைப் பத்தி ஹெட் ஆபீசுக்கு எழுதியிருக்கேன்" என்றார். உண்மையிலேயே அவருக்குக் கண் கலங்கியிருந்தது. கட்டுத்தறிக்கு முன்னால் பொன்னாடை போட்டு ஃபோட்டோ எடுத்தார்கள். அக்காவையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். என்ன விசேஷம் என்று அக்கா என்னிடம் ஜாடையில் கேட்டார். நான் கார்டைக் காட்டி, பிறகு காதைக் காட்டினேன். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அண்ணனைப் பார்த்து அவர் வெட்கப்பட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாளே மூன்று பேரும் கோயமுத்தூர் போனோம். அண்ணன் கார்டை ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றி, அதைக் கைக்குட்டையில் கட்டி, சட்டைக்குள் பனியன் பையில் வைத்திருந்தார். அக்கா கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டியிருந்தார்.

மெஷின் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று யோகப்பிரியா அக்காவைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்தாள். முதலில் வெறும் சத்தம். பீப் என்று ஏதாவது காதில் விழுந்தால் கையைத் தூக்க வேண்டும் என்று செய்து காட்டினாள். அக்கா சில சத்தங்களுக்குக் கை தூக்கினார். அடுத்தது வார்த்தைகள். யோகப்பிரியா ஒவ்வொன்றாகச் சொல்லி நிறுத்தி நிறுத்திக் காத்திருந்தாள். அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் கூட்டிக் கூட்டிச் சொன்னாள். இருபத்தைந்து வார்த்தை முடிந்தபோது ஒன்றே ஒன்று சரி. அதுகூடக் குத்துமதிப்பாகச் சொன்னதாக இருக்கும் என்றாள்.

நாலு மார்க்.

"மெஷின் போட்டா?" என்றேன் நான்.

"சத்தம் பெருசா வுழும். மழை பேஞ்சா, ஹாரன் அடிச்சா தெரியும்" என்றாள். "வார்த்தை வராதுங்க. நா வித்துப்போட்டு உங்ககிட்டப் பணம் வாங்கலாம். ஆனா அது பாவமுங்க. உள்ளார ஆபரேசன் பண்ணி வெக்கற மெஷின் ஒண்ணு இருக்குது, எட்டு லட்சத்துக்கு மேல ஆகும். இந்த நெலமைக்கு அதுவும் எந்தளவுக்குப் பலிக்கும்னு என்னால சொல்ல முடியலீங்க."

அண்ணன் எட்டு லட்சத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா, தேர்வு எழுதி முடித்த பிள்ளை மாதிரி எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் எழுந்தார்.

"அம்மிணி, நா ஒருக்கா பேசிப் பாக்கட்டுங்களா? எம்பட கொரல்னா அவளுக்குத் தெரியும்."

யோகப்பிரியா நாற்காலியை விட்டுக்கொடுத்தாள். உதட்டைப் பார்த்தே தெரிந்துகொண்டுவிடக் கூடாது என்று அண்ணன் தாமாகவே துண்டை எடுத்து வாயை மறைத்துக்கொண்டார். அவருக்கு அதில்கூட ஏமாற்றக் கூடாது. மைக்கைப் பார்த்துக் குனிந்தார்.

"ராமாத்தா" என்றார்.

அக்கா கையைத் தூக்கினார்.

காதில் ஏதோ விழுந்திருக்கிறது. விழுந்தால் கையைத் தூக்கச் சொல்லியிருந்தார்கள். விழுந்தது தன்னுடைய பெயர் என்று அவருக்குத் தெரியவில்லை. அண்ணன் இன்னும் கிட்டப்போய், இன்னும் சத்தமாக, "ராமாத்தா, நாந்தான்" என்றார். மறுபடியும் கை தூக்கினார். மூன்றாவது தடவை கூப்பிடும்போது அண்ணனுக்குக் குரல் உடைந்துவிட்டது. அந்த அழுகைக்கும் அக்கா கையைத் தூக்கினார். தூக்கின கையை இறக்காமல், சரியாகத்தானே செய்கிறேன் என்று கேட்பதுபோல எங்களைப் பார்த்துச் சிரித்தார்.